இடதுகைத் தையல்காரி

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டு வெகு காலமாகிவிட்டது. அக்காவும் மாமாவும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். மேசையைச் சின்னவளின் ஆராய்ச்சி பிடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடித் துண்டுகளின் படங்கள், அவற்றை இணைக்கும் ஈயப் பட்டைகளின் அளவு வரைபடங்கள், எந்தத் துண்டில் எங்கே விரிசல் என்று வண்ணப் பென்சிலால் குறித்த தாள்கள். ஒருநாள் மாமா தெரியாத்தனமாக ஒரு படத்தின் மேல் டீ டம்ளரை வைத்துவிட்டார். அன்று முழுக்க அவர் சொந்த வீட்டிலேயே திருடனைப் போல நடமாடினார், பாவம்.

சின்னவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் அந்த வீட்டில் அவள் சின்னவள்தான். கைநிறையச் சம்பளம் வந்த வேலையை உதறிவிட்டு, பழைய வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பாதுகாக்கும் முதுகலைப் படிப்பில் அவள் போய்ச் சேர்ந்தபோது, "உடைஞ்ச கண்ணாடியப் பத்தி படிக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று சிரித்தவர்கள் உண்டு. அக்கா சிரிக்கவில்லை. மேசையைக் காலி செய்து கொடுத்தாள். அக்காக்கள் அப்படித்தான், முதலில் செய்துவிடுவார்கள், திட்டுவதைச் சாவகாசமாகப் பிறகு வைத்துக்கொள்வார்கள்.

"இன்னைக்கு ஒரே ஒரு போட்டோதான் அக்கா. அது கிடைச்சா தீசிஸ் முடிஞ்சுது" என்றாள் சின்னவள், காலில் செருப்பை மாட்டிக்கொண்டே.

"இதையேதான் போன மாசமும் சொன்ன."

"இது அட்டைப்படம்க்கா! அவ கை மட்டும், பெருசா, ஊசியோட."

"உன் இடதுகைக்காரிதானே? போ, போய் எடு. அடுத்த வாரம் வைவா முடிஞ்சு, அந்த வேலையும் கையில வந்துட்டா, இந்த மேசையில உக்காந்து ஒரு வேளையாவது மனுஷி மாதிரி சாப்பிடுவேன்."

வேலை என்று அக்கா சொன்னது பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் அலுவலகத்து வேலை. ஆய்வேடு தேறியதும் வந்து சேரலாம் என்று சொல்லி இடத்தை வைத்திருந்தார்கள். மாதக் கடைசி வரைக்கும்தான் வைத்திருப்பார்கள். அந்தத் துறையில் அப்படி ஒரு வேலை காலியாவதே அபூர்வம்.

அந்த இடதுகைக்காரி யாரென்று சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பொது நூலகத்தின் மாடிப்படி வளைவில் ஆளுயரத்துக்கும் பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருந்தது. அதில் ஊரை நடத்துகிற மனிதர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தனிச் சட்டத்தில் இருந்தார்கள். ரொட்டி சுடுகிறவன், கொத்தனார், அச்சுக் கோர்ப்பவன், தோட்டக்காரன், தையல்காரி. எல்லோரும் வலதுகையால் வேலை செய்துகொண்டிருந்தார்கள், தையல்காரியைத் தவிர. அவள் மட்டும் ஊசியை இடதுகையில் பிடித்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் அளவு நாடா, மடியில் நீலத் துணி. ஆனால் முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய துண்டில் பழுப்பாக ஒரு கறை, அவ்வளவுதான். முகத்தின் கோடுகள் காலப்போக்கில் முழுதாக அழிந்துவிட்டன என்று முன்பு ஆராய்ந்த நிபுணர்கள் எழுதிவைத்திருந்தார்கள். சின்னவளும் அதையே எழுதியிருந்தாள்.

முகம் போனால் போகட்டும், சின்னவளுக்கு அந்தக் கை போதும். அவளும் இடதுகைக்காரி. பள்ளிக்கூடத்தில் அந்தக் கையில் அடி வாங்கியவள். கத்தரிக்கோல் அவள் கையில் மட்டும் வெட்டாது, கைப்பிடி வைத்த நாற்காலியில் அவள் மட்டும் உடம்பை முறுக்கி உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். முதல் நாள் நூலகப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தவள், கூட்டத்தில் சொந்தக்காரியைக் கண்டுபிடித்த மாதிரி பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பில் ஓர் அத்தியாயமே எழுதினாள். ஓவியன் ஏன் இவளை மட்டும் இடதுகைக்காரியாக வரைந்தான்? அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? அவன் வீட்டிலேயே இப்படி ஒருத்தி இருந்திருப்பாளோ? நாலாவது அத்தியாயம். படித்த நெறியாளர் மேடம், லேசில் யாரையும் புகழாதவர், "உன் ஆய்வேட்டுல உயிர் இருக்கறது இங்கதான்" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரு கருத்தரங்கில் அதை வாசித்துக் கைதட்டலும் வாங்கியாயிற்று. இனி யார் வந்து அவளைப் பிடிக்க முடியும்!

பட்டறை ஒரு பழைய சரக்குக் கிடங்கில் இருந்தது. உயரமான ஜன்னல்கள், நீள மேசைகள், உருக்கிய ஈயத்தின் வாசனை. நடுவில் விளக்கு மேசை. மேல்பலகை கண்ணாடி, அடியில் வெளிச்சம். ஜன்னலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த தையல்காரி அதன் மேல் படுத்திருந்தாள், வெளிப்பக்கம் மேலே பார்க்க. வெயிலும் மழையும் பட்ட பக்கம் அது. முகத்துண்டின் மேல் புகையும், யாரோ எப்போதோ இடுக்குகளை அடைக்க அப்பிய பசையும் சேர்ந்து தோசைக்கல் அடிப்பாகம் போலக் கறுத்துக் கெட்டிப்பட்டிருந்தது.

பட்டறையை நடத்தியவரை எல்லோரும் அண்ணன் என்பார்கள். இந்தத் தொழிலை முறையாகப் படித்து, பாதி ஆயுளைக் கண்ணாடிகளோடு கழித்தவர். தன் பொறுமையை எல்லாம் கண்ணாடிக்கே செலவழித்துவிட்டதால் மனிதர்களுக்கு மிச்சமில்லை.

"லேட்டும்மா நீ" என்றார் அவர். "அழுக்கெடுக்கற மருந்து கலந்து வெச்சாச்சு. மதியத்துக்கு மேல வீரியம் இருக்காது. இப்ப முகத்துலதான் ஆரம்பிக்கப் போறேன்."

"அஞ்சே நிமிஷம்ணே. உள்பக்கம் மேல வரணும், கொஞ்சம் திருப்பலாமா?"

"இப்பத்தானே திருப்பி வெச்சேன்! முதல்லயே சொல்றதுக்கென்ன?"

முணுமுணுத்தாலும் வந்தார். இரண்டு பலகைகளுக்கு நடுவில் கண்ணாடியை வைத்துக் கட்டி, இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலுக்கு மாற்றுகிற பதமாகத் திருப்பினார்கள். இப்போது உட்பக்கம் மேலே. ஊசி இடதுகையில். சின்னவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "வந்துட்டியா" என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

அண்ணன் அந்தப் பக்கம் போய்ச் சுரண்டு கத்திகளை வரிசைப்படுத்தினார். உட்பக்கத்துக்கு ஒரு வைத்தியம், வெளிப்பக்கத்துக்கு ஒரு வைத்தியம். உட்பக்கத்தில்தான் ஓவியனின் கறுப்புக் கோடுகள் இருக்கும், அங்கே பஞ்சும் நல்ல தண்ணீரும் தவிர வேறெதுவும் படக்கூடாது. வெளிப்பக்கத்தில் கோடு எதுவும் கிடையாது. அங்கே காரமான மருந்து போடலாம், கத்தியால் சுரண்டலாம், கெடுவதற்கு ஒன்றுமில்லை. 'வெளிப்பக்கப் படிவை முழுமையாக அகற்றலாம்' என்று ஆய்வேட்டில் பரிந்துரை எழுதியவளே சின்னவள்தான். அகற்றியபின் காலியான முகத்துண்டின் மேல் புதிதாக ஒரு முகம் வரைந்து பதிப்பதாகத் திட்டம். மாதிரிப் படம்கூடத் தயார். தலை குனிந்து, கண் தாழ்த்தி, அடக்கமே உருவான ஒரு முகம்.

விளக்கு மேசையை அணைத்துவிட்டு, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாள் சின்னவள். ஊசியின் மேல் நிழல் விழ வேண்டும் என்பதற்காக விளக்கை இன்னும் தாழ்த்தினாள், இன்னும் சாய்த்தாள். காமிராவில் கண்ணை வைத்தாள்.

அளவு நாடா பளபளத்தது.

தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினால் ஒரு நீலப் படலம் மிதக்குமே, அப்படி மஞ்சள் நாடாவின் மேல் ஒரு நீலப் பளபளப்பு. விளக்கை நகர்த்தினாள், அதுவும் நகர்ந்தது. அழகாயிருக்கிறதே என்று ஒரு படம்கூட எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கண்ணாடிக்கு அந்த மஞ்சள் ஏற்றுவது வெள்ளி கலந்த பூச்சால். சூளையில் வேகும்போது அது கண்ணாடிக்குள்ளேயே இறங்கிவிடும், மழைக்கும் போகாது வெயிலுக்கும் போகாது. அதனால் கறுப்புக் கோட்டை உட்பக்கமும் மஞ்சளை வெளிப்பக்கமும் போடுவது அந்தத் தொழிலின் பழைய வழக்கம். பூசிய பக்கத்தில்தான் இந்த நீலப் பளபளப்பு வரும், மறுபக்கத்தில் வராது. முதல் பருவத்தில் படித்த பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள்.

அப்படியானால் வெளிப்பக்கத்தில் பளபளக்க வேண்டியது உட்பக்கத்தில் ஏன் பளபளக்கிறது?

மற்ற மஞ்சள் துண்டுகளைப் பார்த்தாள். நூல்கண்டு, நாற்காலியின் குமிழ், ஓரத்துப் பூக்கள். எல்லாம் இந்தப் பக்கம்தான் மினுமினுத்தன. உட்பக்கம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும் இது உட்பக்கமே இல்லை. எந்தக் காலத்திலோ ரிப்பேருக்குக் கழற்றிய யாரோ, இந்தக் கண்ணாடியை முன்பின்னாகத் திருப்பி மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

திருப்பி மாட்டினால் இடது வலதாகும், வலது இடதாகும்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அத்தியாயம் எழுதிய கை. கைதட்டல் வாங்கிய கை. வலதுகை! அது வெறும் வலதுகை! கொத்தனார் கை மாதிரி, ரொட்டிக்காரன் கை மாதிரி, ஊரில் எல்லோருக்கும் இருக்கிற சாதாரண வலதுகை. துணிச்சலான ஓவியனும் இல்லை, அவன் வீட்டில் ஒருத்தியும் இல்லை. சட்டத்தில் அவசரமாக மாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய ஒரு வேலையாள்தான் இருந்தான்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து. கையில் மருந்துக் கிண்ணம்.

முடிஞ்சுதுண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் திருப்பிப் போட்டுச் சுரண்டிவிடுவார். ஜன்னல் பழையபடியே போய் உட்காரும். நாலாவது அத்தியாயம் பிழைக்கும், அடுத்த வாரம் வைவா நடக்கும், வேலை கிடைக்கும், அக்கா மேசையில் சாப்பிடுவாள். நீலப் பளபளப்பை இனி யார் சாய்த்துப் பிடித்துப் பார்க்கப் போகிறார்கள்? வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. வந்தது, நின்றது.

நிறுத்தியது நேர்மை என்று சொன்னால் சின்னவளே சிரிப்பாள். அவளை நிறுத்தியது பேராசை. பக்கம் மாறியிருக்கிறது என்றால், கோடுகள் இந்தப் பக்கம் இல்லை. முகத்தின் கோடுகளை எல்லோரும் இல்லாத இடத்தில் தேடியிருக்கிறார்கள்! அவை இருந்தால் மறுபக்கம்தான் இருக்கும், அந்தக் கறுத்த படிவுக்கு அடியில்.

"அண்ணே, மருந்தைக் கீழ வைங்க!"

"என்னது?"

"வைங்கண்ணே, வைங்க! முகம் இருக்கு! அந்தப் பக்கம் இருக்கு, அழுக்குக்கு அடியில! நாம பார்த்துக்கிட்டிருக்கறது அவ முதுகுப்பக்கம்!"

அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பயத்தில்தான் வைத்தார். இந்தப் பெண்ணுக்குத் தூக்கம் பற்றவில்லை, ஆய்வேடு எழுதுகிறவர்களுக்குக் கடைசி வாரத்தில் இப்படி ஆகும் என்று அவர் பார்த்திருக்கிறார். அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அவர் விளக்கை வாங்கித் தானே சாய்த்துப் பிடித்தார். மஞ்சளைப் பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும் மனிதர் லேசில் விடுகிறவரா?

"மஞ்சளை மட்டும் எவனாவது மாத்திப் போட்டிருக்கலாம்ல? வழக்கம்தானே, சட்டமா? கோடு இந்தப் பக்கம் இல்லன்னு எப்படிச் சொல்ற?"

எப்படிச் சொல்வது! சூளையில் வெந்த கோடு விரலுக்குத் தட்டுப்படும், மணல்தாள் போல நெருடும். தொட்டால் தெரிந்துவிடும். ஆனால் தொடக்கூடாதே. கோடு தீட்டிய பக்கத்தை வெறும் விரலால் தொடவே கூடாது என்பது இந்தத் துறையில் முதல் நாளே காதைத் திருகிச் சொல்லித்தருகிற விதி. முன்பு வந்த நிபுணர்கள் தொடவில்லை. மேடம் தொடவில்லை. சின்னவளும் சாரத்தின் மேல் நாள்கணக்கில் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாளே தவிர, தொடவில்லை. அத்தனை பேரும் பயபக்தியோடு ஒரு சாண் தள்ளி நின்று, ஒன்றுமே இல்லாத பக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

சின்னவள் கையுறையைக் கழற்றினாள்.

"ஏய், ஏய்! என்ன பண்ற?" என்று அண்ணன் பாய்ந்து வருவதற்குள் விரலை வைத்துவிட்டாள். ஊசி பிடித்த கையின் மேல், விரல் மடிப்புகளின் கறுப்புக் கோட்டின் மேல், மெல்ல இழுத்தாள். வழவழவென்று போயிற்று. புதுத் தட்டைத் துடைப்பது போல. நீலத் துணியின் மடிப்புகள், வழவழ. கூந்தல், வழவழ.

"தொடுங்கண்ணே."

"நான் மாட்டேன்."

"தொட்டுப் பாருங்கன்னா!"

அண்ணன் கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கையுறையைக் கழற்றி, சுண்டுவிரலை மட்டும் வைத்தார், சின்னப் பிள்ளை திருட்டுத்தனமாகச் சர்க்கரை டப்பாவில் விரல் வைப்பது போல. இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

"அடப்பாவிகளா!" என்றார் கடைசியில். "இத்தனை வருஷமா முதுகுக்கா சேவை பண்ணினோம்?"

சின்னவள் போன் போட்டு அழைத்த மேடம் வந்து சேர்ந்தபோது இருவரும் கண்ணாடியை மறுபடி திருப்பிவிட்டிருந்தார்கள். மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார், விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். கோபம் வந்தால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது துடைத்தார்.

"நானும்தான் சாரம் ஏறிப் பார்த்தேன்" என்றார். "எனக்கும் தெரியலயே." கோபம் யார்மேல் என்று சின்னவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

பிறகு மேடம் அவளைத் தனியே அழைத்துப் போனார். "நிதானமா கேளு. இதை அடிக்குறிப்பா போட்டுடலாம். கண்ணாடி எப்பவோ திருப்பி மாட்டப்பட்டிருக்கலாம்னு ஒரு வரி. நாலாவது அத்தியாயம், ஊர் ஜனங்க கண்ணுக்கு அவ எப்படித் தெரிஞ்சாங்கறதப் பத்தினதுன்னு முன்னுரைய மாத்திக்கலாம். பொய் இல்ல. வைவா தேதி மாறாது. இல்லேன்னா ரெண்டு அத்தியாயம் புதுசா எழுதணும், பரிந்துரை மொத்தமும் மாறும். அந்த வேலைய அவங்க அதுவரைக்கும் வெச்சிருக்க மாட்டாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. அந்த வேலை சின்னவளுக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும்.

"அடிக்குறிப்புக்கெல்லாம் இந்த முகம் அடங்காது மேடம்" என்றாள். "நான் இடதுகைன்னு எழுதினது தப்பு. தப்புன்னே எழுதிடறேன். ஆனா முகத்தை இன்னைக்கே பார்க்கணும். ஓரமா ஒரு நகத்தளவு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில. அனுமதி குடுங்க."

மேடம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நகத்தளவு" என்றார். "அதுக்கு மேல ஒரு இழை போகக்கூடாது."

அண்ணன் மைக்ராஸ்கோப்பைப் பொருத்துகிற நேரத்தில் சின்னவள் வாசலுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அவ இடதுகைக்காரி இல்லக்கா."

அந்தக் கை தங்கைக்கு என்னவென்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அக்காதான். பள்ளிக்கூட வாசலில் தங்கையின் வீங்கிய விரல்களை ஊதிவிட்டவள்.

"திருப்பி மாட்டிட்டாங்களாம்க்கா. சாதாரண வலதுகை. நாலாவது அத்தியாயம் காலி. வைவா தள்ளிப்போகும். வேலையும் போயிடும்னுதான் நினைக்கறேன்."

"அழறியா, சிரிக்கறியா? குரல் ஒரு மாதிரி இருக்கே."

"தெரியலக்கா. ரெண்டும்தான்னு நினைக்கறேன். முகம் இருக்குக்கா! ஒருவேளை இருக்கு. இப்ப பார்க்கப் போறோம்."

"சரி, போய்ப் பாரு" என்றாள் அக்கா. பிறகு பெருமூச்சு விட்டாள். "மாமாவுக்கு மடியில தட்டு வெச்சு சாப்பிட நல்லா பழகிடுச்சு. நீ உன் வேலையப் பாரு."

முதலில் எதுவும் தெரியவில்லை. ஈரப் பஞ்சுத் துளியைக் குச்சி முனையில் சுற்றி, உருட்டி, எடுத்து, தூக்கிப் போட்டு, அடுத்தது. படிவு பழைய வெல்லம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அண்ணன் கை வேலை செய்தது. மைக்ராஸ்கோப்பின் இரண்டாவது குழலில் சின்னவளின் கண். கத்தி இல்லை, மருந்து இல்லை, மூச்சுகூட மெதுவாகத்தான். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ படிப்பதுபோல் பாவனை செய்தார். வெகுநேரமாக ஒரே பக்கம்தான் விரிந்திருந்தது.

"பழுப்புதான் வருது" என்றார் அண்ணன். "இன்னும் பழுப்பு. வெறும் கண்ணாடி. கண்ணாடி. ம்... இரு."

"கோடு!" என்று கத்தினாள் சின்னவள். "கோடு, கோடு, கோடு!"

"கத்தாதம்மா, கை நடுங்குது!"

மயிரிழையாக ஒரு கறுப்புக் கோடு. அழியவில்லை, தேயவில்லை. மழையையும் வெயிலையும் அந்த அழுக்கே தன்மேல் வாங்கிக்கொண்டு அதைக் காப்பாற்றியிருந்தது. பக்கத்தில் இன்னொரு கோடு, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. மூன்றும் ஒரு புள்ளியில் குவிந்தன. கண்ணோரத்துச் சுருக்கம்! மேடம் எப்போது எழுந்து வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. சின்னவளை இடித்துத் தள்ளிக்கொண்டு அவர் ஒரு குழலில் கண் வைத்திருந்தார்.

"நகத்தளவு முடிஞ்சிருச்சு மேடம்" என்றார் அண்ணன்.

"யாரோட நகம்?" என்றார் மேடம். "மேல போங்க."

அண்ணன் மேலே போனார். ஒரு கண் வந்தது, இறுக்கி மூடிய கண். "இதென்ன, தூங்கறாளா?" என்றார். மூக்கின் சரிவு வந்தது, அதுவும் சுருங்கியிருந்தது. கீழே வாய்ப்பக்கம் போனார்கள். உதட்டுக் கோடு மேலே ஏறியிருந்தது. உதட்டுக்கு நடுவில் சின்னச் சின்னக் கட்டம்.

"பல்லு" என்றாள் சின்னவள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. "பல்லு தெரியுது. பல்லுக்கு நடுவுல ஏதோ ஓடுது."

பஞ்சு உருண்டது. பல்லிடுக்கிலிருந்து ஒரு மெல்லிய கோடு கிளம்பி, முகத்துண்டைத் தாண்டி, ஈயப் பட்டையைத் தாண்டி, கீழே ஊசிக் கண்ணில் போய் முடிந்தது. அந்தக் கோட்டின் கீழ்ப்பாதியைக் கண்ணாடி விரிசல் என்று சின்னவள் தன் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் குறித்திருந்தாள். விரிசல் இல்லை, நூல்! தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைத் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. ஒரு கண்ணை இடுக்கி, மூக்கைச் சுளித்து, பல்லைக் காட்டி, கடைசித் தையலை முடிக்கிற அவசரத்தில் அவளுக்குச் சிரிப்புகூட வந்திருந்தது. குனிந்த தலையும் தாழ்ந்த கண்ணும் அடக்கமும் எங்கே, இந்தப் போக்கிரி எங்கே!

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அண்ணன், பாதி ஆயுளில் பல் தெரிகிற முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததே இல்லை என்றார். மேடம் யாருக்கோ போன் போட்டு, புது முகம் வரைகிற வேலையை உடனே நிறுத்தச் சொன்னார். அதே மூச்சில் அடுத்தடுத்த போன்களையும் போட்டு முடித்துவிட்டு வந்து நின்றார்.

"வைவா தள்ளி வெச்சாச்சு" என்றார். "அந்த அலுவலகத்துலயும் பேசிட்டேன். காத்திருக்க முடியாதாம். அடுத்த ஆளைக் கூப்பிடறாங்க."

சின்னவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி மேடம்" என்றாள். கொஞ்சம் கழித்துத்தான் அது உள்ளே இறங்கியது. வலித்தது, நன்றாகவே வலித்தது. கையின் முதுகால் கண்ணைத் துடைத்துவிட்டு, "அண்ணே, புருவம் இன்னும் பாக்கி" என்றாள்.

வெயில் சாயத் தொடங்கியதும், இன்றைக்குப் போதும் என்று அண்ணன் நிறுத்தினார். முகம் பாதிக்கு மேல் வந்திருந்தது. "மேசையில படுக்க வெச்சே பார்த்தா எப்படி? நிக்கவெச்சுப் பார்ப்போம்" என்றார். இருவரும் பலகையோடு தூக்கிக்கொண்டு போய், ஜன்னலுக்கு எதிரே இருந்த மரச்சட்டத்தில் நிறுத்தினார்கள். நிஜமான முன்பக்கம் அறையைப் பார்க்க, பின்னாலிருந்து வெளிச்சம் வர. நூலகப் படியில் ஏறி இறங்கிய யாரும் இந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை.

"இப்படியே மாட்டணும்னு நீதான் பரிந்துரை எழுதணும்" என்றார் மேடம் மெதுவாக. "ஊசி வலதுகைக்குப் போயிடும். உனக்குச் சம்மதமா?"

நூலைக் கடிக்கிற அந்தப் பல்லையும், இடுக்கிய கண்ணையும், சுளித்த மூக்கையும் பார்த்துத் தானும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றாள் சின்னவள். மேடம் இரண்டாம் தடவை கேட்டபோதுதான் திரும்பினாள்.

"எந்தக் கை மேடம்?" என்றாள்.